சேர்ந்த பிறகு

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் மாலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. லேத் பட்டறைகள், முலாம் பூசும் கூடங்கள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே சமயத்தில் ஜனங்கள் வெளியே வருகிறார்கள். பேக்கரி வாசல்களில் டீ குடித்துக்கொண்டு நிற்பவர்களின் பேச்சில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் கலந்து கேட்கும். அப்படி ஒரு பேக்கரி வாசலில்தான் அந்த மனிதர் என்னிடம் விசித்திரமான ஒரு மொழிபெயர்ப்பு வேலையை ஒப்படைத்தார்.

அவர் தருமபுரி மாவட்டத்துக்காரர். இருபது வருஷத்துக்கு மேலாக பீன்யாவில் உதிரிபாகங்கள் கடையும் பட்டறைகளில் வேலை. மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில். இருவரும் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள் என்பதால் மகனை நாலு வயதில் ஊரில் பாட்டியிடம் விட்டிருந்தார்கள். பொங்கலுக்கும் ஆடிப் பெருக்குக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். பையன் பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் பாட்டி காலமானார். பையன் பெங்களூருக்கு வந்து சேர்ந்தான். இப்போது அவனுக்குப் பதினேழு வயது. இரண்டு வருஷமாக மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

"எங்கிட்டப் பேசறதில்லை சார். அவங்க அம்மாகிட்ட வேணும், வேண்டாம்னு ரெண்டு வார்த்தை. மத்த நேரமெல்லாம் செல்போன்ல ஜப்பான் பொம்மைப் படம். நீங்க மொழிபெயர்க்கறவராச்சே. அதுல அப்படி என்னதான் இருக்குனு பாத்துச் சொல்லுங்க."

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது என்றேன். "இங்கிலீஷ்ல கீழே எழுத்து ஓடுது சார்" என்றார். பிறகு, செயற்கைக்கோள்களோடு தொடர்பு வைத்திருக்கும் இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையம் இருக்கும் திசையைக் கையால் காட்டினார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதை வழிநடத்தியது பீன்யாவிலுள்ள அந்த மையம்தான். "இங்கேருந்து நிலாவுக்குப் பேசிட்டாங்க. நான் பக்கத்து ரூம்ல இருக்கறவன்கிட்டப் பேச வழி தெரியாம நிக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டீ ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை கொண்ட சிறிய வாடகை வீடு. பையன் மரியாதையாக எழுந்து நின்றான். எதைப் பார்க்கிறாய் என்று கேட்டதும் முகத்தில் சந்தேகம் வந்தது. வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நினைத்தது தவறுமில்லை. பிறகு ஏதோ தோன்றி, தொடரின் பெயரைச் சொன்னான். 'மை ஹீரோ அகாடமியா.' "மொத்தம் 170 எபிசோட் அங்கிள். உங்களுக்கு அவ்வளவு டைம் இருக்காது. டோடோரோக்கி வர்றதை மட்டும் பாருங்க" என்று ஒரு காகிதத்தில் எண்களை எழுதிக் கொடுத்தான். எதையும் பார்த்து எழுதவில்லை. எண்கள் அவனுக்கு மனப்பாடம்.

அனிமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர்கள் தங்கள் வழக்கப்படி சுருக்கியதுதான் 'அனிமே'. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு அது இன்னும் பொம்மைப் படம். பிள்ளைகள் விஷயம் வேறு. 2007-இல் சுட்டி டிவி தொடங்கியதிலிருந்து தமிழில் பேசும் கார்ட்டூன்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானியப் படம் தமிழ்க் குரலோடு தியேட்டர்களுக்கு வந்தது. அங்கே சண்டை பார்க்கத்தான் கூட்டம் போகிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

'மை ஹீரோ அகாடமியா' கொஹெய் ஹொரிகோஷி என்ற ஓவியர் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' வாரப் பத்திரிகையில் 2014-இல் தொடங்கி 2024-இல் முடித்த சித்திரக்கதை. புத்தகமாக 42 தொகுதிகள். தொலைக்காட்சித் தொடர் 2016-இல் ஆரம்பித்து 2025 இறுதியில் நிறைவடைந்தது. 'ஷோனென்' என்றால் சிறுவன். நட்பு, முயற்சி, வெற்றி ஆகிய மூன்றும்தான் அந்தப் பத்திரிகையின் தாரக மந்திரம் என்பார்கள். பெரும்பாலான மனிதர்கள் ஏதாவது ஒரு விசேஷ சக்தியோடு பிறக்கும் ஓர் உலகம்; அங்கே வீரர்களாகப் பயிற்சி பெறும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். கதையின் சட்டகம் இவ்வளவுதான். இதற்குள் ஒரு குடும்பக் கதையை ஹொரிகோஷி பத்து வருஷம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஷோட்டோ டோடோரோக்கிக்குப் பதினைந்து வயது. வலது பாதியில் பனி, இடது பாதியில் தீ. அப்பா எண்டெவர் நாட்டின் இரண்டாம் நிலை வீரர். முதலிடத்தில் இருப்பவரைத் தன்னால் முந்த முடியாது என்று தெரிந்ததும், முந்தக்கூடிய ஒரு பிள்ளையைப் பெற்றுவிடுவது என்று கணக்குப் போட்டவர். பனிச் சக்தி உள்ள பெண்ணாகப் பார்த்து மணந்தார். நான்கு குழந்தைகள். கடைசிப் பிள்ளை ஷோட்டோவிடம்தான் கணக்கு சரியாக வந்தது. ஐந்து வயதிலேயே பயிற்சி என்ற பெயரில் அடி. அண்ணன், அக்காவோடு விளையாடக்கூட அனுமதி இல்லை. இந்த வீட்டில் மனம் சிதைந்துபோன தாய் ரெய், ஒரு நாள் பிள்ளையின் இடது முகத்தில் கணவனைக் கண்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிடுகிறாள். அவளை மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் எண்டெவர். இடது கண்ணைச் சுற்றித் தழும்போடு ஷோட்டோ வளர்கிறான். அப்பாவின் தீயை ஒருபோதும் தொடமாட்டேன், அம்மாவின் பனியை மட்டும் வைத்தே ஜெயிப்பேன் என்பது அவன் பழிவாங்கும் முறை.

இதுவரைக்கும் சரி. நம்முடைய சினிமாவும் இதைச் செய்யும். அதற்குப் பிறகு வருவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

பள்ளியின் விளையாட்டு விழாவில் மிடோரியா என்ற சக மாணவன், அந்தத் தீ உன்னுடையதுதானே, உன் அப்பாவுடையது இல்லையே என்று ஷோட்டோவிடம் கத்துகிறான். ஷோட்டோ முதல் முறையாகத் தீயை எடுக்கிறான். பார்வையாளர் மாடத்தில் அப்பா ஆனந்தப்படுகிறார். மகன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. விழா முடிந்ததும் யாரும் சொல்லாமல் அவனாகவே அம்மாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகிறான். பத்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. அறைக் கதவின் முன்னால் நிற்கும்போது கை நடுங்குகிறது. என்னைப் பார்த்தால் அவளுக்கு மறுபடியும் அவர் ஞாபகம் வந்து நோய் அதிகமாகிவிடுமோ என்ற பயம். தாய் அழுகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், மகனை வாழ்த்துகிறாள். அதன்பின் கடிதங்கள் ஆரம்பமாகின்றன.

தமிழ்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். 1991-இல் வந்த 'தளபதி'யை நினைத்துப் பாருங்கள். பிறந்தவுடன் விடப்பட்ட மகனும் தாயும் படம் முழுக்க ஒருவரையொருவர் அறியாமல் நகர்கிறார்கள். சேர்ந்த கொஞ்ச நேரத்தில் படம் முடிந்துவிடுகிறது. தாய் மகனோடு தங்கிவிடுகிறாள் என்பது நமக்குப் போதும். மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாம் கேட்பதில்லை. 2002-இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்திலும் சிறுமி தன்னைப் பெற்றவளைக் கண்டுபிடிக்கும் இடம்தான் உச்சம். பிரிவுக்கு இரண்டரை மணி நேரம், சேர்க்கைக்கு ஐந்து நிமிஷம் என்பது நம் வழக்கமான விகிதம்.

புராணம் நம் சினிமாவைவிடத் தைரியமாக இருந்திருக்கிறது. உத்தர காண்டத்தில் லவனும் குசனும் தந்தையிடம் சேர்கிறார்கள். சீதை சேர மறுத்து பூமிக்குள் போகிறாள். ஒரே குடும்பத்தில் சிலர் திரும்பலாம், ஒருவர் திரும்பாமலும் இருக்கலாம் என்று அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது. ஷோட்டோவின் கதையும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

அம்மாவைப் பார்த்த பிறகு ஷோட்டோ சட்டென்று மாறிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இதற்கிடையில் முதலிடத்து வீரர் ஓய்வு பெற, எண்டெவர் தானாகவே முதலிடத்துக்கு வந்துவிடுகிறார். ஆசைப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவருக்குத் தெரிகிறது. மனைவி இருக்கும் மருத்துவமனைக்குப் போகிறார். அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பிடித்த பூவை மட்டும் வைத்துவிட்டு வருகிறார்.

பையன் எழுதிக் கொடுத்த எண்களில் ஒன்றின் கீழே கோடு போட்டிருந்தான். அதில் சண்டை இருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தேன். பெரும்பகுதி சாப்பாட்டு மேஜை! அக்கா ஃபுயுமி குடும்பத்தை எப்படியாவது ஒன்றாக உட்கார வைத்துவிட வேண்டும் என்ற ஆசையில் விதவிதமாகச் சமைக்கிறாள். ஷோட்டோ தன் நண்பர்களோடு வருகிறான். அண்ணன் நட்சுவோ கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, முடியாமல் எழுந்து போய்விடுகிறான். ஷோட்டோ போகவில்லை. ஆனால் அப்பாவை மன்னித்துவிட்டதாகவும் அவன் சொல்லவில்லை. நீங்கள் இனி எப்படிப்பட்ட அப்பாவாக இருக்கப்போகிறீர்கள் என்று பார்க்கிறேன் என்பதுதான் அவன் நிலை. பதினாறு வயசுப் பிள்ளை தகப்பனுக்குக் கொடுக்கும் தவணை அது.

இதற்குப் பிறகு எண்டெவர் எடுக்கும் முடிவு எனக்குப் புதிதாக இருந்தது. மனைவியும் பிள்ளைகளும் நிம்மதியாக இருக்க ஒரு வீடு கட்டித் தருகிறேன், அதில் நான் இருக்கமாட்டேன் என்கிறார். மன்னிப்புக் கேட்பவன் வீட்டுக்குள் இடம் கேட்பதுதான் உலக வழக்கம். இந்த மனிதர் விலகி நிற்பதையே பரிகாரமாகக் கொடுக்கிறார்.

கதை அத்தோடு விடவில்லை. தீயில் கருகிச் செத்துப்போனதாக எல்லோரும் நம்பியிருந்த மூத்த மகன் டோயா, அப்பாவையும் அவர் பெயரையும் அழிக்க வந்த வில்லனாகத் திரும்பி வருகிறான். தீயை அதன் சூட்டைத் தாங்காத உடம்பில் சுமந்து பிறந்தவன் அவன். அதனால் அப்பா அவனைக் கைவிட்டிருந்தார். என்னைப் பாருங்கள் என்பதுதான் சின்ன வயதிலிருந்து அவன் கேட்டது, அது கிடைக்கவில்லை. அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் எண்டெவரைப் பார்க்க இப்போது தாய் ரெய்யே வருகிறாள். பழியில் எல்லோருக்கும் பங்கு உண்டு, அவனை நாம்தான் எதிர்கொள்ள வேண்டும் என்கிறாள். ஷோட்டோ முன்னால் வருகிறான். அப்பா மேலுள்ள வெறுப்பில் ஒரு பாதியை உறையவைத்துக்கொண்டு திரிந்த அதே பையன், அப்பாவால் கெட்டுப்போன அண்ணனைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறான். அதற்காக அவன் கற்றுக்கொள்வது பனியையும் தீயையும் ஒரே சமயத்தில் நெஞ்சில் வைத்துச் சமப்படுத்தும் வித்தை. சிறுவர் கதைக்கே உரிய நேரடியான உருவகம். நேரடியாக இருப்பதாலேயே அது பலிக்கிறது.

முடிவில் டோயா உயிர்காக்கும் கருவிகளுக்குள் அடைக்கப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறந்துகொண்டிருக்கிறான். அப்பா தினமும் வந்து பேசுவதாகச் சொல்கிறார். நட்சுவோ, இனி உங்களைச் சந்திக்கமாட்டேன் என்று சொல்லி விடைபெறுகிறான். தனக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ளப் போகிறான். கதை அவனைக் குற்றவாளி ஆக்கவில்லை, மனம் திருந்த வைக்கவுமில்லை. ஷோட்டோ கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்கிறான். உனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? சோபா என்று பதில் வருகிறது. மரக்கோதுமையில் செய்யும் ஒரு வகை நூடுல்ஸ் அது. ஷோட்டோவுக்குப் பிடித்ததும் அதுதான். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு இது தெரியவருவதற்குள் ஒருவன் சாகக் கிடக்கிறான்.

பள்ளிப் பையன்களுக்கான வாரப் பத்திரிகையில் இப்படி ஒரு முடிவு எப்படி வந்தது என்று மற்ற கதைகளையும் தேடிப் பார்த்தேன். இது தனிக்கதை இல்லை என்று தெரிந்தது. 1995-இல் ஹிடேயாக்கி அன்னோ இயக்கிய 'இவாஞ்சலியன்' தொடரில் பதினாலு வயது ஷின்ஜியை, பல வருஷம் முன்னால் விட்டுப்போன தகப்பன் திடீரென்று கூப்பிட்டு அனுப்புகிறான். பாசத்தினால் இல்லை, ஒரு ராட்சத இயந்திரத்தை ஓட்ட ஆள் வேண்டியிருக்கிறது. அந்தத் தகப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் காட்சி 2021-இல் வந்த கடைசிப் படத்தில்தான் வருகிறது. ஓடும் ரயில் பெட்டியில் பேசிவிட்டு, தகப்பன் இறங்கிப் போய்விடுகிறான். இருபத்தாறு வருஷம் எடுத்திருக்கிறது அந்த உரையாடலுக்கு.

ஹிரோமு அரகாவா என்ற பெண் ஓவியர் 2001 முதல் 2010 வரை எழுதிய 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கதையில் எட்வர்ட் என்ற பையன், சிறுவயதில் வீட்டைவிட்டுப் போன அப்பாவைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவான். கடைசியில் அப்பா ஒரு தியாகத்துக்குத் தயாராகும்போது அதை மறுத்துத் திட்டுகிறான். ஜப்பானிய மொழியில் தகப்பனைச் சொல்ல 'ஒயாஜி' என்று முரட்டுச் செல்லமான ஒரு சொல் உண்டு. வசைச் சொல் ஒன்றோடு அதைச் சேர்த்து வீசுகிறான். அப்பாவின் முகம் மலர்ந்துபோகிறது. வசை காதில் விழவில்லை, 'அப்பா' மட்டும் விழுந்திருக்கிறது.

மொழிபெயர்ப்பவனுக்கு இந்த இடம் பெரிய சவால். தமிழில் இதை எப்படிக் கொண்டுவருவது? நம் பிள்ளைகள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. கோபம் வந்தால் நாம் செய்வது வேறு. விளிப்பதையே விட்டுவிடுவோம். 'அப்பா' என்று கூப்பிட வேண்டிய இடத்தில் ஒரு மௌனம், அல்லது 'இந்தாங்க', 'வந்து...' என்று தொடங்கும் மொட்டை வாக்கியம். மூன்றாமவரிடம் பேசும்போது 'அவரு'. மரியாதைச் சொல்லையே தூரமாக மாற்றும் சாமர்த்தியம் தமிழுக்கு உண்டு. பீன்யா வீட்டில் நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பையன் தன் தகப்பனைக் குறிப்பிட்டது ஒரே ஒரு முறை. "அவரு ஓவர்டைம் போயிருக்காரு."

ஜப்பானிய மொழியில் 'தன்ஷின் ஃபுனின்' என்று ஒரு தொடர் உண்டு. வேலை மாற்றலாகிப் போகும் தகப்பன், பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்பதற்காகக் குடும்பத்தைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வேறு ஊரில் தனியாக வாழ்வதைக் குறிக்கும் சொல். பெரிய கம்பெனிகளில் அது சர்வ சாதாரணம். வீட்டுக்கு வரும்போது விருந்தாளியைப் போல இருக்கும் அப்பாக்களைப் பார்த்து ஒரு தலைமுறையே வளர்ந்த தேசத்தில், தொலைந்த அப்பாக்களின் கதைகள் இவ்வளவு பெருகியதில் ஆச்சரியமில்லை.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லை. வாழ்க்கை மட்டும் இருக்கிறது. துபாய்க்குப் போன அப்பாக்களைப் பற்றியாவது கொஞ்சம் எழுதப்பட்டிருக்கிறது. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நாலைந்து மணி நேர பஸ் தூரத்தில் பெங்களூரில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. தூரம் குறைவு என்பதால் பிரிவும் சிறிது என்று நினைத்துவிடுகிறோம். பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பையனுக்கு துபாயும் பீன்யாவும் ஒன்றுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பேக்கரி வாசலில் நின்ற மனிதர் எண்டெவர் இல்லை. அவர் அடித்தவரில்லை, மகனை வைத்துக் கணக்குப் போட்டவரில்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் எடுத்த முடிவுதான் அவருடையது. கொடுமைக்காரத் தகப்பனின் கதையைக் கொண்டுபோய் ஏழைத் தகப்பனின் தலையில் கட்டுவது அநியாயம். கதையிலும் எனக்கு நெருடல்கள் உண்டு. தாய் ரெய் இவ்வளவு சீக்கிரம் பழியில் பங்கு கேட்டு வருவது, பாதிக்கப்பட்டவளிடமே பொறுப்பையும் கொடுத்துவிடுவதாகப்பட்டது. அடித்தவர் திருந்துவதைப் பார்ப்பதற்காகவே அடிபட்டவர்கள் தங்கள் இளமையைச் செலவழிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நட்சுவோ ஒருவன் மட்டும்தான் பதிலாக இருக்கிறான்.

ஆனாலும், பீன்யாப் பையன் ஏன் அந்த எண்களை மனப்பாடமாக வைத்திருந்தான் என்பது எனக்குப் புரிந்தது. வீடு வந்து சேர்ந்ததுமே சந்தோஷப்பட வேண்டும் என்று அந்தக் கதையில் ஷோட்டோவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்பா அம்மாவோடு இருக்கிறாயே, இன்னும் என்ன குறை என்று யாரும் கேட்கவில்லை. மன்னித்தால்தான் வளர்ந்தவன் என்று கதை சொல்லவில்லை. அவன் வளர்ந்தது வேறு விதத்தில். தனக்குள் இருக்கும் அப்பாவின் பங்கைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டான். அம்மாவைத் தானே தேடிப் போனான். இன்னும் மன்னிக்கவில்லை என்பதை மேஜையைவிட்டு எழாமல் சொன்னான். கடைசியில் தன் காயத்தைத் தாண்டி அண்ணனின் காயத்தைப் பார்த்தான். ஒவ்வொரு படிக்கும் அவனுக்குக் காலம் கொடுக்கப்பட்டது.

அடுத்த வாரம் அதே பேக்கரி. பாத்துட்டீங்களா சார் என்றார். முழுக் கதையையும் சொன்னேன். நடுவில் இரண்டு முறை யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் வர்றேன் என்று அனுப்பிவிட்டார். கதை முடிந்ததும் கேட்டார்:

"கடைசியில அந்தப் பையன் அப்பாவை மன்னிச்சானா?"

"நான் பார்த்த வரைக்கும் மன்னிச்சேன்னு சொல்லலை. ஆனா கூட வந்து நின்னான்."

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "நான் ஒரு நாள்கூட அவனை அடிச்சதில்லை சார். மாசம் தவறாம பணம் அனுப்பினேன்."

"தெரியும்" என்றேன். அவன் மேல் தப்பு, இவர் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இல்லை அது. மொழிபெயர்ப்பவன் தன் கையிலிருந்து எதையும் சேர்க்கக்கூடாது என்பது தொழில் தர்மம். இருந்தாலும் ஒன்று கேட்டேன். "பையனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?"

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "சின்னப் பிள்ளையில வெல்லம் போட்டுப் பிசைஞ்ச சோறு சாப்பிடுவான்" என்றார் கடைசியில். நாலு வயசோடு நின்றுபோன தகவல். "இப்ப... கேட்டுப் பாக்கணும்."

பத்து நாள் கழித்து மறுபடியும் சந்தித்தோம். கேட்டீர்களா என்றேன்.

"கேட்டேன் சார். பதில் சொல்லலை. 'ஏன் கேக்கறீங்க?'ன்னு கேட்டான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரோ வருத்தப்பட்டவராகத் தெரியவில்லை. டீக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்துவிட்டு, பைக் சாவியைக் கையில் வைத்துச் சுழற்றியபடி சொன்னார்:

"ரெண்டு வருஷத்துல அவன் என்னைக் கேட்ட முதல் கேள்வி சார் அது."